எகிப்தும் சுமேரும் தவிர: அதிகம் பேசப்படாத பழைய நாகரிகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாகரிகம் ஏன் "அதிகம் தெரியாதது" ஆகிவிடுகிறது?

சிறியது என்பதால் அல்ல. கீசாவில் பிரமிடுகள் எழுந்த அதே காலத்தில்தான் பெருவின் கராலிலும் எழுந்தன. உக்ரைனின் திரிப்பில்லியா ஊர்கள், சுமேரின் (இன்றைய தெற்கு ஈராக்) உருக் நகரம் அந்த அளவுக்கு வளரும் முன்பே 200 ஹெக்டேரைத் தாண்டியிருந்தன. ஆனாலும் பாடப் புத்தகத்தில் இரண்டுக்கும் இடமில்லை. எழுத்து விட்டுச் சென்றவர்களுக்கு அரசர் பெயர்கள் உண்டு, போர்கள் உண்டு, கதை சொல்லலாம். கல்லில் கட்டியவர்களுக்குப் புகைப்படம் உண்டு. மண்ணாலும் புல்லாலும் மரத்தாலும் வாழ்ந்து, எழுதாமல் போனவர்களுக்கு இரண்டும் இல்லை. அங்கே எல்லாவற்றையும் ஒரு புல் பை, ஒரு எடைக்கல், வெந்துபோன ஒரு சுவர் ஆகியவற்றிலிருந்து பிடித்துத்தான் மேலே வர வேண்டும். கீழே உள்ள பதில்களில் அந்தச் சின்னப் பொருள்களுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

கரால் எங்கே இருக்கிறது? அதை ஏன் இவ்வளவு தாமதமாகக் கண்டுகொண்டார்கள்?

பெருவின் தலைநகர் லிமாவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவில், சூப்பே ஆற்றின் கரையில். கடற்கரையிலிருந்து உள்ளே சுமார் 25 கி.மீ., கடல்மட்டத்துக்கு மேல் 350 மீட்டர். மழை என்பதே அரிதான வறண்ட மேடு அது. பயிருக்கு ஆற்றை நம்பித்தான் ஆகவேண்டும்.

அந்த மேடுகளை 1940-களிலேயே ஆய்வாளர்கள் பார்த்துவிட்டார்கள். ஆனால் அங்கே ஒரு பானை ஓடுகூடக் கிடைக்கவில்லை, தங்கமும் இல்லை. பானை ஓட்டை வைத்துக் காலம் சொல்லிப் பழகியவர்களுக்கு அது பெரிய தடை. "பிறகு பார்க்கலாம்" என்று விட்டுவிட்டார்கள். பெரு நாட்டுத் தொல்லியலாளர் ரூத் ஷேடி 1990-களின் நடுவில் தோண்டத் தொடங்கினார். பானை இல்லாததற்குக் காரணம் அவர்கள் பானை செய்யத் தொடங்காத காலத்தவர்கள் என்பதுதான் எனப் புரிந்தது. 2001-இல் சயன்ஸ் இதழில் வெளியான கரிமக் கணிப்புகளில் (உயிர்ப்பொருளில் மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் கரிமத்தை அளந்து காலம் சொல்லும் முறை) மிகப் பழையது கி.மு. 2627. 2009-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்குள்ள மிகப் பெரிய பிரமிடு அடியில் சுமார் 160 × 150 மீட்டர், உயரம் 18 மீட்டர்.

புல் பையை வைத்து எப்படிக் காலம் சொல்கிறார்கள்?

கராலின் ஆய்வில் மிக அழகான பகுதி இதுதான். பிரமிடின் உட்பகுதியை நிரப்பக் கல்லைக் கூடையில் கொண்டுவந்து கொட்டவில்லை. கோரை வகைப் புல்லைக் கீறி, நம் வீட்டு உறி போலக் கண்ணி கண்ணியாகப் பின்னிப் பை செய்தார்கள். அதில் கல்லை நிரப்பித் தூக்கிவந்து, பையோடு அப்படியே அடுக்கினார்கள். இந்தப் பைக்கு ஷிக்ரா என்று பெயர். வறண்ட மண் என்பதால் 4,500 ஆண்டுகளுக்குப் பிறகும் புல் மட்காமல் இருக்கிறது.

கரிமக் கணிப்பில் வழக்கமாக நடக்கும் தவறு, மரத்தை நம்புவது. ஒரு பெரிய மரத்தின் நடுத்தண்டு, அதை வெட்டிய நாளைவிட 200, 300 ஆண்டுகள் பழையதாக இருக்கலாம். பழைய கட்டடத்தின் உத்தரத்தை எடுத்துப் புதிதில் போட்டிருந்தால் இன்னும் மோசம். கரிமம் காட்டுவது அந்த வளையம் வளர்ந்த ஆண்டை. கட்டடம் எழுந்த ஆண்டை அல்ல. கடல் சிப்பியில் வேறு சிக்கல்: ஆழ்கடல் நீரில் பழைய கரிமம் கலந்திருப்பதால் உள்ளதைவிடப் பல நூறாண்டு மூப்பாகக் காட்டும். கோரைக்கு இந்த இரண்டு தொல்லையும் கிடையாது. ஒரு பருவத்தில் வளர்கிறது, அறுக்கிறார்கள், பின்னுகிறார்கள், கல்லோடு புதைக்கிறார்கள். புல் அறுத்த ஆண்டும் சுவர் எழுந்த ஆண்டும் ஏறத்தாழ ஒன்றே.

பையோடு புதைத்தது வீண் வேலை இல்லையா?

கல்லை மட்டும் கொட்டினால் குவியல் சரிந்து வெளிச்சுவரைத் தள்ளும். பெரு நிலநடுக்க நாடு வேறு. பைக்குள் இருக்கும் கற்கள் ஒன்றோடொன்று உரசிக் கொஞ்சம் அசையும், ஆனால் பையைவிட்டுப் போகாது. பைகளும் ஒன்றன்மேல் ஒன்று சற்று நழுவி அதிர்வை வாங்கிக்கொள்ளும். இன்று ஆற்றங்கரையிலும் மலைப்பாதை ஓரத்திலும் கம்பி வலைக்குள் கல் நிரப்பி அடுக்குகிறார்களே, அதே கணக்கு. சுமைக் கணக்குப் பார்க்கவும் பை உதவியிருக்கலாம்: ஒரு ஊருக்கு இத்தனை பை என்று. இது ஊகம்தான், ஆனால் பொருத்தமான ஊகம்.

பிரமிடு ஒரே மூச்சில் எழுந்ததும் அல்ல. பழைய தளத்தை ஷிக்ராவால் நிரப்பி மூடி, அதன்மேல் புதிய சுவர், சாந்து, வண்ணம். சில தலைமுறை கழித்து மறுபடியும் அதே வேலை. வெங்காயம் உரிப்பது போல ஒவ்வொரு அடுக்காக உரித்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

வறண்ட மேட்டில் என்ன சாப்பிட்டார்கள்?

நெத்தியடி பதில்: நெத்திலி. அதோடு மத்தியும். கடலிலிருந்து 25 கி.மீ. உள்ளே இருக்கும் ஊரில் விலங்குப் புரதமாகக் கிடைத்த எலும்பும் ஓடும் அநேகமாகக் கடலிலிருந்து வந்தவை. வயலில் பூசணி, அவரை வகை, சர்க்கரைவள்ளி, கொய்யா எல்லாம் விளைந்தன. ஆனால் ஏராளமாக விளைந்தது பருத்தி. அது சாப்பாடு இல்லை. மீனவருக்கு வலை பின்ன நூல் வேண்டும், மிதவைக்குச் சுரைக்குடுக்கை வேண்டும். இரண்டும் பள்ளத்தாக்கில் விளைபவை. உள்ளூரார் பருத்தி தர, கடற்கரை ஊரான அஸ்பெரோவினர் மீன் தந்தார்கள். நகரமும் பிரமிடும் இந்தக் கொடுக்கல் வாங்கலின்மேல் நின்றன.

சோளம் எவ்வளவு முக்கியம் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் முட்டிக்கொள்கிறார்கள். கோட்டைச் சுவரோ போர்க்கருவியோ கராலில் கிடைக்கவில்லை. கிடைத்தவை 32 புல்லாங்குழல்கள், கூழைக்கடா மற்றும் காண்டோர் கழுகின் இறக்கை எலும்பில் செய்தவை.

பிறகு ஏன் கைவிட்டார்கள்?

கி.மு. 1800 வாக்கில். கட்டடங்களில் நிலநடுக்க விரிசல்கள் தெரிகின்றன. மலைச்சரிவில் தளர்ந்த மண்ணை எல் நினோ ஆண்டுகளின் பெருமழை ஆற்றில் அடித்துக் கடலில் சேர்த்தது. கடலலை அந்த மண்ணைக் கரையோரம் நீண்ட திட்டாகக் குவித்தது. மீன் கிடைத்த குடாக்கள் தூர்ந்தன. காற்று மணலை வயலுக்குள் அடித்தது. வலைக்கும் வயலுக்கும் ஒரே நேரத்தில் அடி. 2009-இல் வெளியான ஆய்வு இந்த வரிசையைத்தான் சொல்கிறது. மக்கள் மாயமாகிவிடவில்லை: அதே பள்ளத்தாக்கில் இன்னும் மேலே, கி.மு. 1800–1500 காலத்தைச் சேர்ந்த பெனிக்கோ என்ற ஊர் 2025 ஜூலையில் பார்வையாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

தில்முன் என்பது உண்மையான நாடா, புராணமா?

இரண்டும். சுமேரியப் பாடல்களில் அது நோயும் மூப்பும் இல்லாத தூய நிலம். வணிகக் கணக்குகளிலோ செம்பு இறக்குமதியாகும் துறைமுகம். இன்றைய பஹ்ரைனும் அதை ஒட்டிய கரையும் குவைத்தின் ஃபைலகா தீவும் அதன் பகுதிகள். ஓமானின் செம்பு, சிந்துவெளியின் மணிகள், மரம், தந்தம் எல்லாம் இங்கே கைமாறி, சுமேரின் "ஊர்" என்ற பெயர்கொண்ட நகரத்துக்குப் போயின. உப்புக் கடலுக்கு நடுவே நன்னீர் ஊற்றுகள் பொங்கும் தீவு என்பதால் கப்பல் நிற்க இதைவிட நல்ல இடம் அந்த வளைகுடாவில் இல்லை.

தில்முன் வணிகர்கள் சிந்துவெளி எடையைப் பயன்படுத்தினார்கள் என்கிறார்களே, எப்படித் தெரியும்?

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஊர் நகரத்தில் கிடைத்த, கி.மு. 2-ஆம் ஆயிரத்தாண்டுத் தொடக்கத்துக் களிமண் பலகை ஒன்றில் ஒரே செம்புச் சரக்கின் எடை இரண்டு அளவையிலும் எழுதியிருக்கிறது (மினா, தாலந்து இரண்டும் அன்றைய எடை அலகுகள்). தில்முன் அளவையில் 13,100 மினா. ஊர் அளவையில் 611 தாலந்து 6⅔ மினா.

ஒரு தாலந்து 60 மினா. ஆக 611 × 60 = 36,660; அதோடு 6⅔ சேர்த்தால் 36,666⅔ ஊர் மினா. இதை 13,100-ஆல் வகுத்தால் 2.8. ஊர் மினா சுமார் அரைக் கிலோ. எனவே தில்முன் மினா ஏறத்தாழ 1.4 கிலோ. இப்போது சிந்துவெளிக்கு வாருங்கள். அங்கே அதிகம் கிடைக்கும் கனசதுரக் கல்லின் எடை சுமார் 13.7 கிராம், அதன் நூறு மடங்கு 1.37 கிலோ. இரண்டும் பொருந்துகின்றன. பஹ்ரைன் கோட்டை மேட்டில் அதே கனசதுரக் கற்களும் கிடைத்திருக்கின்றன. சரக்கு மொத்தம் 18 டன் செம்பு என்பதையும் கவனியுங்கள். சில்லறை வியாபாரம் இல்லை.

இந்த வணிகத்தில் இருந்தவர்தான் எயா-நாசிர். தரங்கெட்ட செம்பைக் கொடுத்ததாக நன்னி என்ற வாடிக்கையாளர் கி.மு. 1750 வாக்கில் அவரை வசைபாடி அனுப்பிய பலகை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுதாமலே வணிகம் செய்திருந்தால் தப்பியிருப்பார்.

பஹ்ரைனில் வேலை செய்கிறேன். ஒரு விடுமுறை நாளில் எதைப் பார்ப்பது?

காலையில் கலாத் அல்-பஹ்ரைன். போர்த்துக்கீசியர் கோட்டை என்றுதான் டாக்சிக்காரர் அறிவார். கோட்டை நிற்கும் மேட்டைப் பாருங்கள்: 300 × 600 மீட்டர், முழுக்க மனிதர் வாழ்ந்து குவித்த மண், அடியில் தில்முன் தெருக்கள். பக்கத்தில் அருங்காட்சியகம் உண்டு. அடுத்து பார்பார் கோயில். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கோயில்கள், நன்னீர் ஊற்றுக்கு இறங்கும் படிகள். அங்கே கிடைத்த செம்புக் காளைத் தலை மனாமா தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாலையில் ஆலி கிராமம்: வீடுகளுக்கு நடுவே பெரிய பெரிய மண்மேடுகள், அரச குடும்பத்துக் கல்லறைகள். 2019 யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை 21 இடங்களில் 11,774 கல்லறை மேடுகள், எல்லாம் கி.மு. 2200–1750. நவம்பர் முதல் மார்ச் வரை போங்கள். ஜூலையில் நிழலே இல்லாத அந்த மேட்டில் அரைமணி நிற்க முடியாது.

திரிப்பில்லியா ஊர்களைத் தோண்டாமலே படம் எடுத்தது எப்படி?

உக்ரைன், மால்டோவா, ருமேனியா நாடுகளில் கி.மு. 5000-த்திலிருந்து 3000 வரை பரவியிருந்த பண்பாடு இது. தல்யான்கி என்ற ஊர் 300 ஹெக்டேருக்கு மேல், மைதானெட்ஸ்கே 200. இன்று அங்கே போனால் சூரியகாந்தி வயல்தான் தெரியும்.

வீடுகள் மரச்சட்டத்தில் மண் அப்பிக் கட்டியவை. அவற்றில் பெரும்பாலானவை எரிந்தவை. மண்ணில் இரும்பு ஆக்சைடு துகள்கள் உண்டு. சுமார் 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறி ஆறும்போது, அத்துகள்கள் அன்றைய புவிக்காந்தத் திசையில் உறைந்துபோகின்றன. புவிக்காந்தம் சுமார் 50,000 நானோடெஸ்லா. வெந்த வீடு அதன்மேல் சில பத்து நானோடெஸ்லா கூட்டும். காந்தமானியை வரிசை வரிசையாக வயலில் தள்ளிக்கொண்டு போனால் ஒவ்வொரு வீடும் தனித்தனிப் புள்ளியாக எழும். வளையம் வளையமாக வீடுகள், நடுவில் வெற்றிடம், குறுக்கே கதிர் போலத் தெருக்கள். நெபெலிவ்காவில் இப்படி ஏறத்தாழ 1,450 வீடுகள் தெரிந்தன.

குறை என்ன? எரியாத வீடு மங்கலாகத்தான் தெரியும். எல்லா வீடும் ஒரே காலத்தில் நின்றனவா என்பதையும் காந்தமானி சொல்லாது. மக்கள்தொகை சில ஆயிரமா, பல பத்தாயிரமா என்ற சண்டை அங்கிருந்துதான் பிறக்கிறது.

தங்கள் வீட்டைத் தாங்களே கொளுத்தினார்களா?

அப்படித்தான் தோன்றுகிறது. தற்செயலாகத் தீப்பிடித்தால் கூரை எரிந்து விழும், மண்சுவர் கரியேறி நின்றுவிடும். சுவர் முழுக்கச் செங்கல்போல் வேக, சில இடத்தில் உருகிக் கண்ணாடியாக, வீட்டுக்குள்ளும் சுற்றியும் விறகை அடுக்கி எரித்தாக வேண்டும். மாதிரி வீடு கட்டி எரித்துப் பார்த்த சோதனைகளும் இதையே காட்டின. எதிரிக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. ஏன் எரித்தார்கள் என்பதற்குச் சடங்கு என்று ஒரு சொல்லைப் போட்டு முடிக்கிறார்கள்; அது பதிலே அல்ல.

சூடானின் பிரமிடுகள் ஏன் ஊசி போல் நிற்கின்றன?

குஷ் அரசின் மெரோவேயில் 200-க்கு மேற்பட்ட பிரமிடுகள். எகிப்தின் கூஃபு பிரமிடு 52 பாகைச் சாய்வு என்றால் இவை 70 பாகைக்குக் கிட்டே. உயரமானது சுமார் 30 மீட்டர். கட்டடக் கலைஞர் ஃப்ரீட்ரிஷ் ஹிங்கல் ஒரு பிரமிடின் நட்டநடுவில் தேவதாரு மரக்கம்பம் ஒன்றைக் கண்டார். அவர் சொல்லும் விளக்கம்: நடுவே கம்பம் நட்டு, அதன்மேல் துலா பூட்டிக் கல்லைத் தூக்கியிருக்கிறார்கள். நம் ஊர் ஏற்றம் இறைத்தவர்களுக்கு இது உடனே புரியும். துலாவின் கை எட்டுகிற தூரம்தான் பிரமிடின் அகலம். அகலத்தைக் கூட்ட முடியாது, உயரத்தைக் கூட்டலாம்; அதனால் செங்குத்து. உள்ளே கல்லும் மண்ணும், வெளியே செதுக்கிய கல்லின் ஒற்றைத் தோல். உள்மண் அமுங்கினால் தோல் பிதுங்கிச் சரியும். பல பிரமிடுகளின் மொட்டைத் தலைக்கு மட்டும் காரணம் வேறு: 1834-இல் புதையல் தேடி வந்த இத்தாலியர் ஃபெர்லினி.

மெரோவே எழுத்தைப் படித்துவிட்டார்களா?

படிக்கிறார்கள், புரியவில்லை. 1910 வாக்கில் ஆங்கில எகிப்தியலாளர் கிரிஃபித் 23 குறிகளின் ஒலியையும் கண்டுவிட்டார். தமிழ் தெரிந்தவருக்கு அமைப்பு விசித்திரமாக இராது: மெய்க்குறியில் அகரம் ஒளிந்திருக்கிறது, மற்ற உயிர்களுக்குத் தனிக்குறி. சொற்களுக்கு இடையே புள்ளிகள் உண்டு. ஆனால் மொழியின் உறவினர் யார் என்பது உறுதியாகாததால் பெயர்களும் பட்டங்களும் கொஞ்சம் சொற்களும்தான் பிடிபடுகின்றன. இருமொழிக் கல்வெட்டு ஒன்று நீளமாகக் கிடைக்கும்வரை இழுபறிதான்.

எலாம் மொழி தமிழுக்குச் சொந்தமா?

தென்மேற்கு ஈரானின் எலாம் தனியே பெரிய கதை: சோகா சன்பில் படிக்கோபுரத்தின் ஒரு பக்கமே 105 மீட்டர். கேள்விக்கு வருவோம். எலாம்–திராவிட உறவை 1970-களில் மொழியியலாளர் டேவிட் மெக்ஆல்பின் முன்வைத்தார். பெரும்பாலான மொழியியலாளர் ஏற்கவில்லை. எலாமியத்தில் "நீ" என்பது "நி" என்று காட்டுவார்கள். உண்மைதான். ஆனால் சீனத்திலும் "நீ" என்பதற்கு "நி"தான்! குட்டிச் சொற்கள் எந்த இரண்டு மொழியிலும் தற்செயலாக ஒத்துப்போகும். உறவை நிறுவ, ஒரே ஒலிமாற்றம் நூற்றுக்கணக்கான சொற்களில் ஒழுங்காக வர வேண்டும், அது காட்டப்படவில்லை. எலாமியக் கோட்டெழுத்தைப் பிரான்சுவா தெசே குழுவினர் எழுத்துப் பொறித்த வெள்ளிக் கோப்பைகளின் உதவியால் பெருமளவு படித்திருப்பதாக 2022-இல் வெளியிட்டார்கள். புதிய சொற்கள் வரும்போது இந்தக் கேள்வியை மறுபடி கேட்கலாம்.

சீனாவின் சான்ஷிங்துய்?

சிச்சுவானில், கி.மு. 1200–1100. 1986-இல் இரண்டு குழிகள், 2019-க்குப் பிறகு இன்னும் ஆறு. பீடத்தோடு 2.62 மீட்டர் உயரமான வெண்கல மனிதர், ஏறத்தாழ 4 மீட்டர் வெண்கல மரம், குவியல் குவியலாக யானைத் தந்தம். பலவற்றை உடைத்து, எரித்துப் புதைத்திருக்கிறார்கள். எழுத்து இல்லை. வேற்றுக்கிரகவாசி கதைகளுக்கு அந்தப் பிதுங்கிய கண்கள் போதுமாக இருக்கின்றன.

"20,000 ஆண்டு பழமையான பிரமிடு" என்று வாட்சப்பில் வருகிறது. எப்படிச் சோதிப்பது?

முதல் கேள்வி: காலம் கணித்தது எதை? இந்தோனேசியாவின் குனுங் படாங் மேட்டைப் பற்றி 2023 அக்டோபரில் ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வந்தது, உலகமே பகிர்ந்தது. அவர்கள் கணித்தது துளையிட்டு எடுத்த மண்ணின் கரிமத்தை. மண் பழையதாக இருக்கும், எந்த மலையிலும்! அந்த ஆழத்தில் மனிதக் கை பட்ட கல்லோ அடுப்போ எலும்போ இல்லை. 2024 மார்ச்சில் இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்ற செய்தியை யாரும் பகிரவில்லை.

இரண்டாவது: ஒற்றை ஆண்டா, வீச்சு கொடுத்திருக்கிறார்களா? கரிம அளவை ஆண்டாக மாற்ற மரவளையங்களிலிருந்து வரைந்த கோடு ஒன்று உண்டு. அது கி.மு. 800 முதல் 400 வரை கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடக்கிறது. அந்த நானூறு ஆண்டில் எந்த ஆண்டின் கரியும் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் காட்டும். கீழடியில் 353 செ.மீ. ஆழத்துக் கரிக்குச் சொல்லப்படும் கி.மு. 580-உம் இந்தத் தட்டைக்குள்தான் விழுகிறது. அதனால் அது தவறாகிவிடாது. மண்ணடுக்கு, பானை, எழுத்துப்பொறிப்பு, மற்ற மாதிரிகள் எல்லாவற்றோடும் சேர்த்துப் படிக்க வேண்டிய எண், அவ்வளவுதான்.

மூன்றாவது: எத்தனை மாதிரி, எந்த அடுக்கு, மாதிரி மரமா புல்லா விதையா? செய்தியில் இவை மூன்றும் இல்லையென்றால் மூலக் கட்டுரையின் அட்டவணையைத் தேடுங்கள். அட்டவணையும் இல்லையென்றால் அடுத்தவருக்கு அனுப்ப வேண்டாம்.